14 காரட் தாலியும் அரசின் கையும்

#1 தராசுத்தட்டு

என் தாத்தா கோவையில் பத்தர். திண்ணையை அடுத்த ஓர் அறைதான் பட்டறை. உமியோடு, ஊதுகுழல், குறடு, உரைகல், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சின்னத் தராசு. நாலு பேர் உட்கார்ந்து வேலை செய்த இடம். 1963 தைக்குப் பிறகு அங்கே உமி சரியாகக் கனலவே இல்லை என்று பாட்டி சொல்வார்.

சீனப் போர் முடிந்த சமயம். அந்நியச் செலாவணி கையிருப்பு மோசம். தங்கக் கடத்தல் வேறு. மொரார்ஜி தேசாய் நிதியமைச்சர். போருக்காகப் போட்ட இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழேயே ஜனவரி 1963-ல் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. நகையாக இல்லாத தங்கத்தைக் கணக்குக் காட்ட வேண்டும். புதிதாகச் செய்யும் நகை 14 காரட்டைத் தாண்டக் கூடாது. அதாவது நூற்றுக்கு 58 பங்கு தங்கம், மீதி செம்பும் வெள்ளியும். நம் ஊரில் 22 காரட்டுக்குக் கீழே இறங்கினாலே ‘மட்டம்’ என்பார்கள். பத்தரை மாற்று என்று பேசிப் பழகிய ஜனங்களிடம் 14 காரட்டில் தாலி செய்துகொள் என்றால் எவன் செய்வான்? யாரும் வரவில்லை. நாடு முழுக்க லட்சக்கணக்கான பொற்கொல்லர்கள் பிழைப்பு இழந்தார்கள். தற்கொலைகளும் நடந்தன.

நோக்கம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. போர்க்காலம், நாட்டுக்கு டாலர் வேண்டும், சரி. ஆனால் தங்கத்தின் மேல் இருந்த ஆசை குறைந்ததா? இல்லை. கடத்தல்காரனுக்கு நல்ல காலம் பிறந்தது. 14 காரட் நிபந்தனை 1966-ல் போனது. ஆனால் கட்டுப்பாடு போகவில்லை. 1968-ல் அதுவே நிரந்தரச் சட்டமாகி, 1990-ல்தான் ரத்தானது. போர் நடந்தது ஒரு மாதம். போரைக் காட்டி வாங்கிய அதிகாரம் இருந்தது 27 வருஷம்.

அரசின் கைக்கு ஓர் எல்லை வேண்டும் என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம். டெல்லியில் உட்கார்ந்திருப்பவருக்குத் தாலி என்றால் என்னவென்று தெரியாது. தெரியாதவர் கையில் எல்லாருக்குமான முடிவை ஒரே பேனாவில் எழுதும் உரிமை இருக்கக் கூடாது. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

#2 ஏலக்காய்

ஒரு சந்தேகம். உங்கள் தாத்தா 14 காரட்டில் தாலி செய்தாரா, இல்லையா?

#3 சங்கக்கணக்கர்

கூட்டுறவுச் சங்கத்தில் 31 வருஷம் வேலை பார்த்தவன் நான். அதில் பாதி ரேஷன் கடைகளோடு. ‘அரசு சுருங்க வேண்டும்’ என்று பேசுபவர்கள் பெரும்பாலும் ரேஷன் அரிசி தேவைப்படாதவர்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம், பார்த்ததைச் சொல்கிறேன்.

காமராஜர் 1956-ல் மதிய உணவைத் தொடங்காமல் இருந்திருந்தால், எம்.ஜி.ஆர். 1982-ல் அதை விரிக்காமல் இருந்திருந்தால் இங்கே எத்தனை பேர் இந்த இழையில் எழுதிக்கொண்டிருப்போம்? சந்தையா முட்டை போட்டது? தங்கச் சட்டம் முட்டாள்தனம், ஒப்புக்கொள்கிறேன். ஒரு முட்டாள் சட்டத்தைக் காட்டி மொத்த அரசையும் கத்தரிக்கச் சொல்வது, மூட்டைப் பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது மாதிரி.

#4 வேப்பங்குச்சி

இதை அன்றைக்கே சொன்னவர் ராஜாஜி. ‘பெர்மிட், லைசென்ஸ் ராஜ்யம்’ என்ற பெயரே அவர் வைத்தது. 1952-ல் முதலமைச்சரான சில வாரங்களிலேயே, ஜூனில், உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். பஞ்சம் வரும் என்றார்கள். பதுக்கியிருந்த நெல் வெளியே வந்ததுதான் மிச்சம். மத்திய உணவு அமைச்சர் ரஃபி அகமது கித்வாயும் பிறகு அதே வழியில் போனார். 1959-ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். 1967-ல் மக்களவையில் 44 இடம், பெரிய எதிர்க்கட்சி. படித்துப் பாருங்கள்.

#5 நூலாம்படை

படித்திருக்கிறேன். அதனால்தான் சிரிப்பு வருகிறது.

1937-ல் முதலமைச்சரானதும் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவர் யார்? எதிர்த்தவர்கள் மேல், வெள்ளைக்காரன் காங்கிரஸ்காரர்களை அடக்க வைத்திருந்த அதே குற்றவியல் திருத்தச் சட்டத்தைப் பாய்ச்சியவர் யார்? சேலத்தில் மதுவிலக்கு கொண்டுவந்து, வருமானம் குறைந்ததும் 1939-ல் இந்தியாவிலேயே முதல் பொது விற்பனை வரியைப் போட்டவர் யார்? 1953-ல் பிள்ளைகள் பாதி நாள் பள்ளிக்கு வந்தால் போதும், மீதி நேரம் அப்பன் தொழிலைப் பார்க்கட்டும் என்றவர் யார்? 1952-ல் அவர் தேர்தலில் நின்று வரவும் இல்லை, நியமனத்தில் மேலவைக்கு வந்து முதலமைச்சர் ஆனவர்.

அடுத்தவன் கையில் இருந்தால் அதிகாரம் ஆபத்து, தன் கையில் இருந்தால் தர்மம். உங்கள் ‘எல்லைக்குட்பட்ட அரசு’ தத்துவத்தின் லட்சணம் இதுதான். இன்னொன்று. 1967-ல் சுதந்திராக் கட்சி கூட்டு வைத்தது யாருடன்? ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற தி.மு.க.வுடன்!

#6 தராசுத்தட்டு

நூலாம்படை, நீங்கள் என்னை மறுக்க எழுதினீர்கள். நான் அதை என் பக்கத்துச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறேன்.

ராஜாஜி முட்டாள் அல்ல, ஊழல்வாதியும் அல்ல. அப்படிப்பட்ட ஆளே அதிகாரம் கைக்கு வந்ததும் ‘ஊருக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியும்’ என்று இறங்கினார் என்றால், ‘நல்லவரைத் தேர்ந்தெடுப்போம், அவர் பார்த்துக்கொள்வார்’ என்ற வாதமே அடிபட்டுப் போகிறது. நல்லவர் கையிலும் கட்டுக் கயிறு வேண்டும். 1937-ன் ராஜாஜிக்கு 1959-ன் ராஜாஜி தேவைப்பட்டார். ஆள் ஒருவரே என்பது வேடிக்கை.

சங்கக்கணக்கர் ஐயா, உங்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. கொஞ்சம் யோசித்து எழுதுகிறேன். அரசின் அளவும் அரசின் அதிகாரமும் ஒன்றா என்பதே எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது.

#7 கறுப்புக்கோட்டு

தங்கச் சட்டம் பற்றிப் பேசுவதால் ஒரு விஷயம். 1968 சட்டத்தை எதிர்த்து வியாபாரிகள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 1969-ல் தீர்ப்பு. ஒரு பக்கம், சட்டம் போட நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இன்னொரு பக்கம் சில பிரிவுகளை வெட்டித் தள்ளியது. அதில் எனக்கு மிகப் பிடித்தது உரிமம் பற்றிய பகுதி. ஒருவருக்கு உரிமம் தருவதா வேண்டாமா என்று அதிகாரி பார்க்க வேண்டியவை என ஒரு பட்டியல் இருந்தது: அந்தப் பகுதியில் ‘எதிர்பார்க்கப்படும் தேவை’, விண்ணப்பதாரரின் ‘தகுதி’, ‘பொதுநலன்’. இதற்கெல்லாம் அளவுகோல் எங்கே என்று நீதிமன்றம் கேட்டது.

அதுதான் கேள்வி. ‘விண்ணப்பதாரர் தகுதியானவரா’ என்ற ஒரு வரியை ஒரு குமாஸ்தா கையில் கொடுத்தால் அவர் குட்டி ராஜா. சட்டப் புத்தகம் எவ்வளவு தடிமன் என்பதை விட, அதில் ‘அதிகாரி கருதினால்’ என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

#8 மோட்டார்பட்டறை

எங்கள் வீட்டில் பம்ப் தொழில். ஃபவுண்டரி. அப்பா காலத்துக் கதைகள் கேட்டு வளர்ந்தவன்.

1951-ல் தொழில் வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. பட்டியலில் உள்ள தொழில் எதையும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் செய்ய டெல்லி உரிமம் வேண்டும். தொடங்க உரிமம், விரிக்க உரிமம், புதுப்பொருள் செய்ய உரிமம், இடம் மாற்ற உரிமம். உரிமத்தில் எழுதிய கொள்ளளவை விட அதிகமாக உற்பத்தி செய்தால் தப்பு! ஜனங்கள் ஸ்கூட்டருக்கு வருஷக்கணக்கில் காத்துக்கிடந்த நாட்டில், அதிகமாகச் செய்வது குற்றம். 1969-ல் ஏகபோகத் தடுப்புச் சட்டம், 1973-ல் அந்நியச் செலாவணிச் சட்டம். 1973-74-ல் வருமான வரியின் உச்ச விகிதம் 85, அந்த வரித் தொகையின் மேல் 15 சதவீத சர்சார்ஜ் (கூடுதல் வரி), கூட்டினால் 97.75. நூறு ரூபாயில் கடைசியில் கைக்கு வருவது ரெண்டே கால் ரூபாய். எவன் கணக்கை நேராக எழுதுவான்?

இதனால் ஏழைக்கு நன்மை என்றார்கள். நான் பார்த்தவரை நன்மை யாருக்கு என்றால், டெல்லியில் ஒரு ஆளை நிரந்தரமாகத் தங்க வைக்கும் வசதி இருந்த பெரிய வீடுகளுக்கு. அவர்கள் தேவைக்கு மேல் உரிமம் வாங்கி அடுக்கி வைத்துக்கொண்டு தொழிலே தொடங்காமல் இருந்தார்கள். அடுத்தவன் உள்ளே வராமல் இருந்தால் போதுமே. கோவையில் லேத் வைத்திருந்தவனுக்கு டெல்லிக்கு ரயில் டிக்கெட் எடுப்பதே பெரிய செலவு.

24 ஜூலை 1991. அன்றைய தொழில் கொள்கையில் 18 தொழில்கள் தவிர மற்றவற்றுக்கு உரிமம் தேவையில்லை என்று ஒரே நாளில் முடிந்தது. அப்பா அந்தச் செய்தித்தாளை இன்னும் வைத்திருக்கிறார்.

#9 பனியன்நகர்

மோட்டார்பட்டறை சொல்வது பாதி சரி. மறுபாதி திருப்பூர். சிறுதொழிலுக்கு மட்டும் என்று 1967-ல் 47 பொருள்களை ஒதுக்கினார்கள். பட்டியல் வளர்ந்து 800-ஐத் தாண்டியது. பின்னலாடையும் அதில் இருந்தது. பெரிய மில்கள் உள்ளே வர முடியாததால்தான் எங்கள் ஊரில் நாலு மெஷின் போட்டவனும் முதலாளி ஆனான். இது அரசு போட்ட வேலி. அந்த வேலி இல்லையென்றால் பம்பாய் மில் ஒன்று எங்களை விழுங்கியிருக்கும்.

#10 மோட்டார்பட்டறை

வேலி இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேலிக்குள் இருந்த பயிர் எவ்வளவு உயரம் வளரலாம் என்றும் அதே சட்டம் அளந்து வைத்திருந்ததே. முதலீட்டு வரம்பைத் தாண்டினால் சலுகை போச்சு. ஆகவே ஒரே குடும்பம், மனைவி பேரில் ஒரு கம்பெனி, மைத்துனன் பேரில் ஒரு கம்பெனி, ஒரே காம்பவுண்டுக்குள் நாலு பெயர்ப்பலகை. உங்கள் ஊரில் பார்த்ததே இல்லையா?

#11 பனியன்நகர்

பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டிலேயே மூன்று.

#12 சங்கக்கணக்கர்

எல்லாரும் உரிமம் பற்றியே பேசுகிறீர்கள். உரிமம் சரியாகப் பார்க்கப்படாததால் செத்தவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. 16 ஜூலை 2004, கும்பகோணத்தில் ஒரு பள்ளி. கீற்றுக் கூரை, சமையல் கொட்டகையில் பற்றிய தீ, 94 குழந்தைகள். போபால், 1984. சிவகாசிப் பக்கம் வருஷா வருஷம். அங்கெல்லாம் அரசின் கை நீளமாக இருந்ததா தொல்லை? இல்லவே இல்லாமல் இருந்ததுதான் தொல்லை.

#13 கறுப்புக்கோட்டு

ஐயா, கும்பகோணத்தில் விதி இல்லையா? இருந்தது. பள்ளிக்கு அங்கீகாரம் தரும் நடைமுறையும் இருந்தது, பார்வையிட வேண்டிய அதிகாரிகளும் இருந்தார்கள். காகிதத்தில் எல்லாம் இருந்தது. அந்த வழக்கில் கீழ் நீதிமன்றத் தீர்ப்பு வரவே பத்து வருஷம், 2014 ஆனது.

அரசைச் சுருக்கச் சொல்பவர்களின் நல்ல வாதம் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. பிள்ளைகள் உட்காரும் கூரை எரியுமா என்று பார்ப்பது அரசின் வேலை. யார் எவ்வளவு ஸ்கூட்டர் செய்யலாம், தாலியில் எவ்வளவு செம்பு என்று பார்ப்பது அரசின் வேலை அல்ல. எல்லாவற்றிலும் மூக்கை நுழைத்தால் செய்தே ஆக வேண்டிய நாலு வேலையும் கெடும். நீதிமன்றங்களில் 5 கோடிக்கும் மேல் வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன. அது அரசின் முதல் வேலை அல்லவா? இதற்கிடையில் 2023-ல் ஒரு சட்டம் போட்டு, 42 சட்டங்களில் இருந்த 183 பிரிவுகளில் தண்டனையை எடுத்தோ இலேசாக்கியோ விட்டார்கள். எடுத்த பிறகு வானம் இடிந்து விழவில்லை.

#14 யானைப்பசி

இந்த விவாதம் நமக்குப் புதிதா என்ன? வரியை எப்படி வாங்க வேண்டும் என்று புறநானூற்றில் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொன்ன யானைக் கதைதான். அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் ஒரு ‘மா’ (பழைய நில அளவு) அளவுக்கும் குறைவான நிலத்து நெல் பல நாள் வரும். யானையே வயலில் இறங்கினால் நூறு வயலும் போதாது, தின்பதை விட மிதிப்பது அதிகம். 2019 பட்ஜெட் உரையில் நிதியமைச்சர் இந்தப் பாட்டைச் சொன்னார், கைதட்டல். அதே உரையில்தான் 2 கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு சர்சார்ஜ் ஏறியது. யானைக்கும் பாட்டு மனப்பாடம்.

#15 குளக்கட்டு

வவுனியாப் பக்கம் இருந்து எழுதுகிறேன். நீங்கள் 1963 பற்றிப் பேசுகிறீர்கள். எங்களுக்கு 2021.

அக்டோபர் 2020-ல் இலங்கை அரசியலமைப்பில் இருபதாவது திருத்தம் வந்து ஜனாதிபதியின் கையைக் கட்டியிருந்த கயிறுகள் பலவற்றை அவிழ்த்தது. அடுத்த மே மாதம் ஒரு வர்த்தமானி, அதாவது அரசிதழ் அறிவிப்பு. இரசாயன உரம், கிருமிநாசினி இறக்குமதிக்குத் தடை. பத்து வருஷத்தில் மெதுவாக இயற்கை உரத்துக்கு மாறுவோம் என்பதுதான் தேர்தலில் சொன்னது. செய்தது ஒரே இரவில். கமக்காரர்களைக் கேட்கவில்லை. விவசாயப் பேராசிரியர்கள் சொன்னதையும் கேட்கவில்லை. காலபோகத்துக்கு (மாரிக்கால நெல்லுக்கு) விதைத்துவிட்டு யூரியா இல்லாமல் மஞ்சளாகிய பயிரைப் பார்த்துக்கொண்டு வரம்பில் நின்றது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. நவம்பரில் தடையை எடுத்தார்கள். எடுத்து என்ன, பயிரின் பருவம் நவம்பருக்காகக் காத்திருக்குமா?

இதிலே கவனியுங்கள். அந்த ஆணைக்கு அரசாங்கம் ஒரு சதம் செலவழிக்க வேண்டியிருக்கவில்லை. புதுத் திணைக்களம் இல்லை, புது உத்தியோகத்தர் இல்லை. ஒரு கையெழுத்து. ‘பெரிய அரசு’ என்று வரி, செலவு, ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தால் இது கணக்கிலேயே வராது.

#16 தராசுத்தட்டு

குளக்கட்டு, நான் இரண்டு நாளாகச் சொல்லத் தெரியாமல் இருந்ததை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். தங்கக் கட்டுப்பாடும் அப்படித்தான். அரசுக்கு அதில் பெரிய செலவு இல்லை. லட்சம் பட்டறைகளை மூடவைக்க அரசிதழில் சில பக்கங்கள் போதுமாக இருந்தது.

#17 வேப்பங்குச்சி

நவம்பர் 8, 2016-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரவு 8 மணிக்கு அறிவிப்பு, நள்ளிரவில் அமல், புழக்கத்தில் இருந்த பண மதிப்பில் 86 சதவீதம் செல்லாது. 99 சதவீதத்துக்கும் மேல் வங்கிக்கே திரும்பி வந்தது என்று பிறகு ரிசர்வ் வங்கி சொன்னது. 2023-ல் உச்ச நீதிமன்றத்தில் நாலு நீதிபதிகள் சரி என்றார்கள். நீதிபதி நாகரத்னா மட்டும், இதை நாடாளுமன்றச் சட்டம் மூலம் செய்திருக்க வேண்டும் என்று மாறுபட்டார்.

#18 ஒரிஜினல்தேசியவாதி

ஆரம்பிச்சாச்சா? கறுப்புப் பணக்காரர்களுக்கு இங்கே ஒரு சங்கமா?

#19 நெறியாளர்

கட்சிச் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே அரசின் எல்லை பற்றி மட்டும். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

#20 அடுப்பங்கரை

இவ்வளவு நேரம் ஆண்கள் உரிமம், வர்த்தமானி என்று பேசுகிறீர்கள். எங்கள் தெருமுனைக் கடையைப் பற்றி யாரும் பேசவில்லையே. 2003-ல் இருந்து மதுவைச் சில்லறையில் விற்பது அரசு. குடிக்காதே என்று போஸ்டர் ஒட்டுவதும் அரசு. தீபாவளிக்கு எவ்வளவு விற்றது என்று எண்ணுவதும் அரசு. கடையை எடுங்கள் என்று மனு கொடுத்தால் அதை விசாரிப்பதும் அரசு. தனியார் கடையாக இருந்தால் கலெக்டரிடம் போய் நிற்கலாம். கடைக்காரரே அரசாங்கம் என்றால் யாரிடம் போவது? கடைக்காரர் நீதிபதியாக இருக்கக் கூடாது. எனக்குத் தெரிந்த ‘வரம்புக்குட்பட்ட அரசு’ இதுதான்.

#21 நூலாம்படை

இதற்கு எதிர்ப்பேச்சு இல்லை. 👏

#22 கறுப்புக்கோட்டு

கொடுத்த அதிகாரம் திரும்பாது என்பதற்கு இன்னொன்று. இணையத்தில் எழுதியதற்காகக் கைது செய்ய வழி கொடுத்த 66 ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் மார்ச் 2015-ல் ரத்து செய்தது. 2021-ல் பார்த்தால் அதே பிரிவில் இன்னமும் வழக்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். நீதிமன்றமே அதிர்ச்சி தெரிவித்தது. செத்த சட்டம் காவல் நிலையத்தில் ஆறு வருஷம் நடமாடியது.

#23 சங்கக்கணக்கர்

இரண்டு நாள் எழுதாமல் வாசித்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் இருந்தே ஒன்று சொல்கிறேன்.

1997-ல் மத்திய அரசு ரேஷனை வறுமைக் கோட்டுக்குக் கீழ், மேல் என்று பிரித்தது. தமிழ்நாடு மாட்டேன் என்றது. இங்கே கேட்கிற எல்லாருக்கும் அட்டை, எல்லாருக்கும் அரிசி. 2011-ல் இருந்து அரிசி அட்டைக்காரர்களுக்கு 20 கிலோ வரை விலையில்லாமல். பணக்காரனுக்கு எதற்கு என்று நிறையப் பேர் கேட்பார்கள். வேலையில் இருந்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். யார் ஏழை என்று முடிவு செய்யும் அதிகாரம் எங்கள் யார் கையிலும் இல்லை. அட்டை இருக்கிறதா, எடை போடு. அவ்வளவுதான். வேறு மாநிலங்களில் ‘நீ ஏழை’ என்று ஒரு காகிதம் வாங்க ஏழை நடந்த நடையை என்னைப் போன்ற வேலையில் இருந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஆக எங்கள் ரேஷன் செலவில் பெரியது, அதிகாரத்தில் சின்னது. உங்கள் தங்கச் சட்டம் செலவில் சின்னது, அதிகாரத்தில் பெரியது. இப்படிப் பிரித்தால் தராசுத்தட்டு தம்பியோடு எனக்குச் சண்டை இல்லை. (எடை குறைத்தவர்களைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம். அது தனி இழை.)

#24 தராசுத்தட்டு

ஐயா, பாதி வழி உங்களோடு வருகிறேன். முழுவதும் வர முடியவில்லை. 20 கிலோ அரிசிக்குப் பணம் வரியில் வருகிறது. மதுக்கடையில் வருகிறது. அடுப்பங்கரை அக்கா சொன்ன கடை எதற்காக மூடப்படாமல் இருக்கிறது? ராஜாஜி மதுவிலக்குக்காக விற்பனை வரி போட்டார். நாம் அரிசிக்காக மது விற்கிறோம். செலவு பெரிதானால் பணம் தேடும் கையும் நீளும். அதற்கு எங்கே கோடு போடுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஆனால் இனி யாராவது ‘அரசு பெரியதா சிறியதா’ என்று கேட்டால் ஊழியர் எண்ணிக்கையை முதலில் பார்க்க மாட்டேன். ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது, அவர் சொன்னதை எதிர்த்து எங்கே போகலாம், எத்தனை நாளில் பதில் வரும், இந்த மூன்றையும் பார்ப்பேன்.

#25 சங்கக்கணக்கர்

கோட்டை அடுத்த பட்ஜெட்டுக்குப் பிறகு போடலாம்.

#26 ஏலக்காய்

எல்லாம் சரி, #2-க்கு இன்னும் பதில் வரவில்லை.

#27 தராசுத்தட்டு

மறக்கவில்லை, வீட்டில் கேட்டுவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

அத்தையின் கல்யாணம் 1963 வைகாசி. தாலி தாத்தா கையால் செய்தது. கணக்கு நோட்டில் அவர் எழுத்தில் ‘14’ என்று இருக்கிறது, கீழே கையெழுத்தும் உண்டு. சில வருஷம் முன்பு கொடி மாற்றும்போது கடையில் உரைத்துப் பார்த்தார்கள். 22.

அத்தையிடம் சொன்னேன். “எங்கப்பா நோட்டுல எழுதுனதை எவன் நம்பச் சொன்னான் உன்னை?” என்றார்.